காட்டுக்கு கூட்டிப் போறவர் யார்? முன்பணம் கொடுக்குமுன் கேளுங்க!

வேட்டைக்கு வழிகாட்டி தேடிய காலம் மலையேறிவிட்டது. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்ததும் துப்பாக்கிகள் மூலைக்குப் போயின. காட்டு ஆசை மட்டும் போகவில்லை. சனிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் இளவட்டங்கள் சென்னையில் ஏராளம்.

கூட்டிப் போகிறவர் யார்? அதை யாரும் கேக்கிறதில்லை. "எவ்வளவு ரேட்?" என்று மட்டும் கேக்கிறாங்க.

2018-ம் ஆண்டு மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலை. மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ வளைத்தது. 23 பேர் பலி! சென்னையில் இருந்து போனவர்களும் அதில் உண்டு.

காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனுஷன் கால் ஈடுகொடுக்காது. எந்தப் பக்கம் ஒதுங்கணும் என்பது அந்த மலையில் பிறந்தவனுக்குத் தெரியும். பட்டணத்தில் உட்கார்ந்து போனில் ஆள் சேர்ப்பவருக்குத் தெரியுமா?

கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. வனத்துறை அனுமதி எங்கே? அதில் உள்ள பாதை எது? உள்ளூர் ஆள் கூட வருகிறாரா? ஒன்றுக்கு மழுப்பினாலும் காசை எடுக்காதீங்க. கோடையில் பாதையை மூடினால் மூடியதுதான். "நமக்குத் தனி வழி இருக்கு" என்கிறவர் வழிகாட்டி அல்ல, வம்புகாட்டி.

2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை அறிவித்தது. மலைவாழ் இளைஞர்கள்தான் வழிகாட்டிகள். "கட்டணம் ஜாஸ்தி" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. உயிரோடு வீடு திரும்பிய பிறகு தாராளமாக முணுமுணுக்கட்டும்!