கேமிங் லேப்டாப் வாங்கப் போறீங்களா? கீபோர்டு லைட்டைப் பார்க்காதீங்க, 250-வது டர்னைப் பாருங்க!

‘சிவிலைசேஷன் 6’ கேமில் 250-வது டர்ன். ‘நெக்ஸ்ட் டர்ன்’ பட்டனை அழுத்துகிறீர்கள். போனை எடுத்து ஒரு ரீல்ஸ் பார்த்து முடிக்கிறீர்கள். நிமிர்ந்தால், எதிரி நாடுகள் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கின்றன. இத்தனைக்கும் அது ‘கேமிங் லேப்டாப்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற லேப்டாப்!

இது என் சொந்தக் கதை. முதல் வேலை, 12 மாத இஎம்ஐ, கீபோர்டில் சிவப்பு லைட், தனி கிராஃபிக்ஸ் கார்டு. விலையை அந்தப் பட்ஜெட்டுக்குள் கொண்டுவர கம்பெனி எங்கே கைவைத்திருந்தது என்பது அப்போது புரியவில்லை. புராசஸர் சுமார் ரகம், ரேம் 8 ஜிபி, அதுவும் ஒற்றை ஸ்டிக். ரேமை பிறகு கூட்டிக்கொண்டேன், கொஞ்சம் மூச்சு வந்தது. புராசஸரை மாற்ற முடியாது. லேப்டாப்பில் அது போர்டோடு சேர்த்தே சால்டர் செய்யப்பட்டிருக்கும். மாசாமாசம் இஎம்ஐ மட்டும் சரியாகப் போனது.

அதனால் சொல்ல வருவது ஒன்றுதான். ஸ்ட்ராட்டஜி கேம் ஆடுபவர்கள், குறைந்த பட்ஜெட்டில் லேப்டாப் தேடும்போது கிராஃபிக்ஸ் கார்டில் தொடங்கக் கூடாது. புராசஸர், ரேம், கூலிங். இந்த வரிசையில்தான் காசு போக வேண்டும்.

ஸ்ட்ராட்டஜி கேம் மட்டும் ஏன் வேற மாதிரி?

ஷூட்டிங் கேமில் திரையில் தெரியும் காட்சியை விநாடிக்கு 60 முறையாவது புதிதாக வரைய வேண்டும். அது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. ஸ்ட்ராட்டஜி கேமில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான், திரைக்குப் பின்னால் நடக்கும் கணக்குதான் அதிகம். எந்த நகரத்தில் எவ்வளவு உணவு, எந்தப் படை எந்த வழியாகப் போகும், எதிரி நாடு போர் அறிவிக்குமா, இல்லையா? இதையெல்லாம் போடுவது புராசஸர்.

இதில் இன்னொரு சிக்கல். ஒரு கணக்கின் விடை வந்தால்தான் அடுத்த கணக்கைத் தொடங்க முடியும் என்ற நிலை பல இடங்களில் உண்டு. எனவே எத்தனை கோர் இருக்கிறது என்பதைவிட, ஒரு கோர் எவ்வளவு வேகமானது என்பது முக்கியம். 2016-ல் வந்த ‘ஸ்டெல்லாரிஸ்’ ஆடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதல் 50 ஆண்டுகள் பறக்கும். மக்கள்தொகை பெருகப் பெருக கேம் நத்தையாகிவிடும்.

கேம் விற்கும் பக்கத்தில் இருக்கும் ‘குறைந்தபட்சத் தேவை’ பட்டியலில் இந்தக் கடைசிக் கட்டம் தெரியாது. அது கேம் ஓடுமா என்று சொல்லும். ஆட்டம் முற்றும்போது எப்படி ஓடும் என்று சொல்லாது.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விஷயத்தில் இது உங்கள் பிரச்சினை மட்டுமல்ல. ஆன்லைன் மேட்ச்சில் எல்லோருடைய கம்ப்யூட்டரும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் போட்டு முன்னேற வேண்டும். ஒருவருடைய லேப்டாப் திணறினால் எட்டுப் பேருக்கும் ஆட்டம் மெதுவாகும். அதனால்தான் 2019-ல் வந்த ‘டெஃபினிட்டிவ் எடிஷனில்’, ரேங்க்டு மேட்ச் ஆடுவதற்கு முன் ஒரு சோதனை ஓட்டத்தில் 1,000 புள்ளி எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள்.

முதலில் என்ன கேம் என்று எழுதுங்க

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் ஸ்டீம் லைப்ரரியைத் திறந்து, எந்த கேமை எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ‘ஒருநாள் ஆடணும்’ என்று நினைக்கும் கேமுக்கு இன்றே காசு கொடுக்க வேண்டாம்.

‘சிவிலைசேஷன் 6’, ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’, ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ ரகம் என்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயமில்லை. நல்ல புராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸே, செட்டிங்ஸைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

‘டோட்டல் வார்’ வரிசை அப்படியில்லை. ஆயிரக்கணக்கான வீரர்களை ஒரே களத்தில் வரைந்து காட்ட வேண்டும். இங்கே கிராஃபிக்ஸ் கார்டு தேவை. ‘வார்ஹேமர் 3’ மட்டுமே 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும்.

2023-ல் வந்த ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2’ இரண்டையும் பிழிந்து எடுக்கும். எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை என்று வெளியீட்டுக்கு முன்பே அதை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்ட கேம் அது. பட்ஜெட் லேப்டாப்பில் அதை எதிர்பார்க்காதீர்கள். 2015-ல் வந்த முதல் பாகமே இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.

புராசஸர் பெயரில் இருக்கும் வலை

‘ரைசன் 5’ என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்தால், அங்கேதான் மாட்டுவோம். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். முதலாவது 4 கோர், 2019-ல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு. இரண்டாவது 6 கோர், அதற்கு அடுத்த தலைமுறையான ஸென் 3. இந்த 7000 வரிசையில் மூன்றாவது எண்தான் வடிவமைப்பின் தலைமுறையைச் சொல்லும். முதலில் இருக்கும் 7-ஐப் பார்த்துப் புதுசு என்று நம்பிவிடாதீர்கள்.

இன்டெல் பக்கம் வேறு விளையாட்டு. ஐ5-1235யு-வில் 10 கோர், ஐ5-12450எச்-ல் 8 கோர். பத்து பெரிசா, எட்டு பெரிசா? முதலாவதில் வேகமான கோர் 2 மட்டும், மீதி 8 பேட்டரியை மிச்சம் பிடிக்கும் சின்ன கோர்கள். இரண்டாவதில் வேகமான கோர் 4. நீண்ட நேரம் ஆட ‘எச்’ ரகம்தான் தாங்கும். ஆனால் அது சூடாகும், ஃபேன் சத்தம் போடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். தினமும் ஆபீஸ் பையில் தூக்கிக்கொண்டு போய் சார்ஜர் இல்லாமல் வேலை பார்ப்பவர் என்றால் இதையும் யோசிக்க வேண்டும்.

இரண்டு மாடல்களுக்கு நடுவே குழப்பம் வந்தால் இரண்டின் ‘சிங்கிள் கோர்’ மதிப்பெண்ணையும் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

ரேம்: 16 ஜிபி, இரண்டு ஸ்டிக்

8 ஜிபியில் விண்டோஸும் நான்கைந்து பிரவுசர் டேபும் உட்கார்ந்த பிறகு கேமுக்கு மிஞ்சுவது குறைவு. 16 ஜிபி வேண்டும். அதுவும் 8+8 என்று இரண்டு ஸ்டிக்காக இருப்பது நல்லது.

காரணம் இருக்கிறது. தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராஃபிக்ஸும் இந்த ரேமைத்தான் கடன் வாங்கும். இரண்டு ஸ்டிக் இருந்தால் போக வர இரண்டு பாதை. இன்டெலின் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ கிராஃபிக்ஸ், ஒற்றை ஸ்டிக் ரேமில் முழு வேகத்தில் ஓடாது. விண்டோஸில் அதன் பெயரே ‘யுஎச்டி’ என்றுதான் காட்டும்.

வாங்கும்முன் கேளுங்கள்: ரேம் ஸ்லாட் இருக்கிறதா, போர்டோடு சால்டர் செய்ததா? ‘எல்பிடிடிஆர்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பிறகு கூட்ட முடியாது. ஸ்லாட் இருந்தால் இப்போது 8 ஜிபியோடு வாங்கிவிட்டு, அடுத்த போனஸில் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை போகலாம். வாரன்டி பாதிக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி 512 ஜிபி இருக்கட்டும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவைதான் என்றால் பெயரோடு வாட்டும் கேளுங்கள். ஒரே ‘ஆர்டிஎக்ஸ் 3050’-ஐ ஒரு லேப்டாப்பில் குறைந்த வாட்டிலும் இன்னொன்றில் அதிக வாட்டிலும் ஓட்டுவார்கள். வேகமும் அதற்கேற்ப மாறும்.

சூடு, ஸ்க்ரீன்

புராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாசச் சென்னையில், ஏசி இல்லாத ரூமில், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து ஆடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரிவ்யூ பார்க்கும்போது முதல் ஐந்து நிமிட வேகத்தை நம்பாமல், அரை மணி நேரம் ஓட்டிக் காட்டியவரின் வீடியோவைத் தேடுங்கள்.

144 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீன் நம் கேம்களுக்கு அவசியமில்லை. ஆனால் இந்த கேம்களில் படிக்க வேண்டிய பொடி எழுத்து நிறைய. முழு எச்டி ஐபிஎஸ் திரை இருந்தால் கண்ணுக்கு நிம்மதி.

‘நோ காஸ்ட்’ இஎம்ஐ

வட்டியே இல்லை என்று நினைத்துத்தான் பலர் 10,000 ரூபாய் கூடுதல் மாடலுக்குத் தாவுகிறோம். கிரெடிட் கார்டு இஎம்ஐயில் பொதுவாக வங்கி வட்டி போடத்தான் செய்யும். அந்தத் தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்கள். ஆனால் வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டி நம் கணக்கில்தான் வரும். பிராசஸிங் கட்டணமும் இருக்கலாம். முழுப் பணம் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

‘நாளைக்கு வேற கேம் ஆடணும்னு தோணினா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உங்கள் ஸ்டீம் கணக்கில் ஷூட்டிங், ரேஸிங் மணிக்கணக்கு இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுங்கள், தப்பில்லை. அந்த மணிக்கணக்கு இல்லாதவர்கள், தோணாத ஆசைக்கு ஒரு வருஷம் தவணை கட்ட வேண்டாம் என்பதுதான் நம் கட்சி.

கடைசியாக ஒரு டிப்ஸ். லேப்டாப் வந்த அன்றைக்கே புது ஆட்டம் தொடங்கிப் பார்த்து ‘சூப்பர்’ என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள். முதல் டர்ன் எந்த லேப்டாப்பிலும் சூப்பர்தான். பழைய ஆட்டத்தின் 250-வது டர்ன் சேவ் ஃபைலை எடுத்து, அல்லது நண்பரிடம் வாங்கி, அதைத் திறந்து ‘நெக்ஸ்ட் டர்ன்’ அழுத்துங்கள். ‘சிவிலைசேஷன் 6’-லேயே இதற்கென ‘ஏஐ பெஞ்ச்மார்க்’ இருக்கிறது, சராசரியாக ஒரு டர்னுக்கு எத்தனை விநாடி என்று அதுவே சொல்லிவிடும். திருப்தி இல்லையென்றால், திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கியிருந்தால், அந்த நாள் முடிவதற்குள் கொடுத்துவிடலாம். இஎம்ஐ தொடங்கிய பிறகு யோசித்தால், என்னைப் போல ரீல்ஸ்தான் பார்க்க வேண்டியிருக்கும்.