வெண்துணியும் விலையுயர்ந்த கேமராவும்

சிறிய டிஜிட்டல் கேமராவில் எடுத்த காட்சிக்குத் 'திரைப்படத் தோற்றம்' வாய்க்கவில்லை என்பது குறும்படம் எடுக்கும் இளைஞர் பலரின் மனக்குறை. அதற்கு மருந்தாகப் பெரிய சென்சார், விலைமிகுந்த லென்ஸ், படச்சுருளின் துகள்களைப் போலியாகச் சேர்க்கும் மென்பொருள் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. கடன்பட்டேனும் அவற்றை வாங்குவோர் உண்டு. அப்பணத்திற்கு முன் செலவிடப்பட வேண்டியது ஒளியைப் பற்றிய கவனம். அதற்குக் கொல்கத்தாவிலேயே சான்று இருக்கிறது.

1956இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் காசியின் பழைய வீட்டு முற்றம் ஒன்று வருகிறது. அது கொல்கத்தா ஸ்டூடியோவில் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அமைத்த அரங்கு. நாற்புறமும் சுவர் சூழ்ந்த முற்றத்தில் வானத்து வெளிச்சம் அழுத்தமான நிழலின்றி மேலிருந்து பரவும். ஸ்டூடியோ விளக்குகளை நேரே பாய்ச்சினாலோ ஒவ்வொரு பொருளுக்கும் பல நிழல்கள் விழுந்து, அரங்கு அரங்காகவே தெரிந்துவிடும். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்திற்கு மேலே வெண்துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி வானொளியாயிற்று. 1930இல் பிறந்த அவர், 'பதேர் பாஞ்சாலி'க்கு முன்பு திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை.

இங்கே ஒரு நகைமுரண் உண்டு. அன்றைய ஸ்டூடியோப் படங்களுக்கும் ஒரு 'திரைப்படத் தோற்றம்' இருந்தது; மித்ரா விலக விரும்பியது அதிலிருந்துதான். ஆக, அச்சொல் நிலையான ஒரு பண்பைக் குறிப்பதில்லை. அவ்வக்காலத்துப் பார்வையாளரின் பழக்கத்தையே குறிக்கிறது. பழக்கத்தைப் போலிசெய்பவர், தம் கதைக்குரிய வெளிச்சம் எது என்று கேட்க மறந்துவிடுகிறார்.

கருவிக்குப் பங்கே இல்லை என்று வாதிட முடியாது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களில் ஓடிப் பழகியது. அசைவின் இயல்பான மங்கல் அவ்வேகத்தோடும், ஏறத்தாழ 1/50 நொடி ஷட்டரோடும் சேர்ந்து வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், 25 சட்டங்களும் 1/50 ஷட்டரும் குழல்விளக்கின் மினுக்கத்தையும் பெரிதும் தவிர்க்கும். இவ்வமைப்புகள் மலிவான கேமராக்கள் பலவற்றிலும் உள்ளன. மிகைவெளிச்சத்தைப் படச்சுருளின் நெகட்டிவ் படிப்படியாகத் தாங்கிக்கொள்ளும். டிஜிட்டல் சென்சாரோ எல்லை கடந்ததும் வெறும் வெண்மையையே பதியும். இழந்த விவரத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. ஆகவே, ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் வெண்துணி, மித்ராவைவிட இன்றைய மாணவருக்கே கூடுதலாகத் தேவை.

மித்ரா தம் இறுதி ஆண்டுகளில் கொல்கத்தாவின் சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு கற்பித்தார். அவர் வழிவந்த நகரத்தில், புதிய கேமராவுக்குத் தவணை கட்டத் துணியுமுன், வடகொல்கத்தாவின் பழைய வீட்டு முற்றம் ஒன்றில் காலை முதல் மாலைவரை வெளிச்சம் எவ்வாறு இறங்குகிறது என்று ஒரு நாள் பார்த்திருப்பது நல்லது.