டயப்பர் வாண்டும் நீச்சல் குளமும்

லீவு விட்டால் சென்னிமலைப் பக்கத்துக் குடும்பங்கள் வாண்டுகளோடு மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கு வண்டி பிடிப்பதுண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பிய பிறகு, கப்பல் நீச்சல் குளமும் ஆசைப் பட்டியலில் சேர்ந்தாச்சு. கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பயணிகள் கப்பல்களில், டயப்பர் போடும் குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்கக் கூடாது. அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யின் விதி அது.

“அதான் நீச்சல் டயப்பர் போட்டிருக்குதுங்களே?” கெட்டியாகப் போனால் அது தாங்கும். பேதியானால் கிருமி தண்ணீரில் கசிந்துவிடும்.

“குளோரின் கொன்னுபோடுமுங்க!” ஈ.கோலை கிருமியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்தான். ஆனால், வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, குளோரின் சரியான அளவில் இருந்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு மடக்கு உள்ளே போனால் போதும். குளத்தில் ஆடுகிற பிள்ளைகளில் தண்ணீர் குடிக்காத பிள்ளை ஏது?

பேதி இருக்கும்போது குழந்தையை இறக்கவே வேண்டாம். டிக்கெட் காசு வீணாச்சே என்று வீட்டில் யார் முணுமுணுத்தாலும் சரி. கிரிப்டோ என்று டாக்டர் சொன்னால், பேதி நின்ற பிறகும் 2 வாரம் பொறுக்க வேண்டும்.

மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாசம்’ சுத்தத்துக்கு அடையாளம் இல்லை. வியர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேர்ந்து கிளப்பும் நெடி அது. எனவே இறங்கும் முன் சோப்புக் குளியல், மணிக்கொரு தடவை டாய்லெட். டயப்பர் மாற்றுவது குளத்தின் ஓரத்தில் அல்ல, கழிப்பறையில். துவட்ட ஆளுக்கொரு துண்டு. சென்னிமலைக்காரர்களுக்குத் துண்டுக்கா பஞ்சம்!