மின்வேலியும் மேய்ச்சல் நிலமும்

மைசூருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், மண்டியா மாவட்டத்தில் உள்ளது மேல்கோட்டை. இராமானுஜரின் பெயரோடு சேர்த்துத் தமிழர்கள் அறிந்த இம்மலையூரைச் சூழ்ந்துள்ள காடு, ஓநாய்களைக் காப்பதற்காக 1974ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய காட்டோரக் கிராமங்களில், ஓரிரு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு, இருவேளையும் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றிப் பிழைப்போர் பலர். மாடு பிறர் வயலில் புகுந்துவிடக் கூடாது. காட்டுக்குள் சென்று சிறுத்தைக்கு இரையாகிவிடவும் கூடாது. இந்நிலையில் உள்ள விவசாயிக்கு மின்வேலி எளிய தீர்வாகத் தோன்றுவது இயல்பே.

ஆனால் மின்வேலி என்ற ஒரே பெயரில் இருவேறு வேலிகள் உள்ளன. முறையான மின்வேலியில், எனர்ஜைசர் என்னும் கருவி ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய மின்துடிப்பைக் கம்பியில் செலுத்துகிறது. மின்னழுத்தம் சில ஆயிரம் வோல்ட் இருப்பினும், ஒவ்வொரு துடிப்பிலும் உள்ள ஆற்றல் மிகக் குறைவு. தொட்ட மாடு அதிர்ந்து விலகும், சாகாது. மற்றொன்று, வீட்டு இணைப்பிலிருந்தோ பம்புசெட்டிலிருந்தோ 230 வோல்ட் மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவது. இடைவிடாத அந்த மின்னோட்டம் தசைகளை இறுகச் செய்து, பிடித்த கையை விடவிடாது. அது வேலியன்று, கொலைக்கருவி.

2023 மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய சட்டவிரோத வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயின்றித் தவித்தன. விவசாயி கைது செய்யப்பட்டார். அதே ஆண்டில், மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் விதி தண்டிக்குமே தவிர, எனர்ஜைசரை வாங்கித் தராது. யானையின் சாவு நாடறிந்த செய்தியாகிறது. இருளில் வயலுக்குச் செல்லும் விவசாயத் தொழிலாளி அதே கம்பியில் மடிந்தால், அது பெரும்பாலும் உள்ளூர்ச் செய்தியாகவே முடிந்துவிடுகிறது.

நியூசிலாந்தின் பால்பண்ணைகளில் மின்கம்பியை இடம் மாற்றிக் கட்டி, புல்வெளியைப் பகுதி பகுதியாக மேய்க்கிறார்கள். அங்கு வேலிக்குள் புல்வெளி இருக்கிறது. நம் நாட்டில் நிலமற்ற பால் உற்பத்தியாளர் எதைச் சுற்றி வேலி கட்டுவது? அவரது மாட்டுக்குரிய நிலம் ஊர்ப் பொதுநிலமே. கர்நாடகத்தில் அதனைக் கோமாளம் என்பர். தமிழ்நாட்டில் மேய்க்கால் புறம்போக்கு. நூறு மாடுகளுக்கு 12 ஹெக்டேர் மேய்ச்சல் நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்கின்றன கர்நாடக நில வருவாய் விதிகள். ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இருந்தும் பொதுநிலங்கள் செல்வாக்குள்ளோர் கைக்கும் நிறுவனங்களின் கைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க, மாடு வயலையும் காட்டையும் நோக்கித் தள்ளப்படுகிறது. பழி மட்டும் ஏழை விவசாயியின் தலையில் விழுகிறது.

எனவே, தரச்சான்று பெற்ற எனர்ஜைசர்களைப் பால் கூட்டுறவுச் சங்கங்களின் பொதுச்சொத்தாக அரசு மானியத்தில் வழங்க வேண்டும். மேய்ச்சல் நிலங்களை அளந்து, எல்லை குறித்து, கிராமத்திடம் ஒப்படைக்க வேண்டும். நேரடி மின்இணைப்பு தரும் வேலி எவருடையதாயினும் அகற்றப்பட வேண்டும். இதை நம் விவசாயிகள் சங்கத் தோழர்கள் கிளைதோறும் எடுத்துச் சொல்வது உடனடிக் கடமை. கம்பியை எங்கே நடுவது என்று கேட்பதற்கு முன், மாடு எங்கே மேயும் என்ற கேள்விக்கு அரசுகள் பதில் சொல்ல வேண்டும்.