கை மட்டும் மரத்தால் போதும்!

கை முறிந்து ஒருவர் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அப்போதுதான் சாப்பிட்டிருக்கிறார். முழு மயக்கம் கொடுத்தால் ஆபத்து. வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம்.

கையை மட்டும் மரக்கச் செய்ய வழி உண்டு. கை நரம்புகள் கழுத்திலிருந்து புறப்பட்டு, காரை எலும்பு அருகே நெருங்கி வருகின்றன. அங்கே ஊசி போடுவார்கள்.

1911-ல் ஜெர்மனி டாக்டர் குலன்காம்ப் இதைத் தனக்கே போட்டுச் சோதித்தார். துணிச்சல்காரர்! ஆனால், அது குத்துமதிப்பு வேலை. கையில் "சுரீர்" என்றால் நரம்பு அகப்பட்டது என்று அர்த்தம். ஊசி தவறினால் நுரையீரலில் குத்திவிடும்.

பிறகு மின்சார ஊசி வந்தது. விரல் துடித்தால் நரம்பு பக்கத்தில் இருக்கிறது. முறிந்த கை துடித்தால் வலி எப்படி இருக்கும்?

1994-ல் வியன்னா டாக்டர்கள் ஸ்கேன் பார்த்து ஊசி போட்டார்கள். நரம்பு, ரத்தக்குழாய், நுரையீரல், ஊசி எல்லாம் திரையில் தெரியும். மருந்தும் குறைவு. இதுவே சிறந்தது. ஆனால், பழகாத கைக்கு ஊசிமுனை திரையில் அகப்படாது. பயிற்சி வேண்டும்.

அதே 1994-ல்தான் கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் வந்தது. ஸ்கேன் கருவியைப் பதிவு செய்தே தீரவேண்டும். பெண் குழந்தையைக் காக்கும் சட்டம், இருக்கட்டும். பதிவு செய்த கருவி ஒன்றை ஆபரேஷன் அறைக்கென்றே ஒதுக்கலாமே! தாலுகா ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கலாம்.

மாமல்லபுரத்தில் படகு இழுக்கும்போது கை முறிந்தவர், எலும்பை நேராக்கிக் கட்டுப்போட செங்கல்பட்டு வரை வலியோடு வரவேண்டியிராது.