போடாத புள்ளிகள்

விடுமுறைக்குத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்திருந்த பேரன், என்.பி.ஏ. 2கே கூடைப்பந்து கேமில் வரிசையாகத் தோற்றுவிட்டு கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்தான். "கம்ப்யூட்டர் ஏமாத்துது தாத்தா!"

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. எதிராளி கையில் பந்து வந்ததும், பறிக்கிற சதுரப் பொத்தானை இவன் மிளகாய் இடிப்பதுபோல் குத்துகிறான். கை நீட்டியவன் நிலை தவறுகிறான். எதிராளி தாண்டிப் போய்விடுகிறான். இல்லாவிட்டால் ஃபவுல்.

கல்லூரியில் நானும் கூடைப்பந்து ஆடியவன். அன்று கற்ற முதல் பாடமே இங்கும் செல்லும் என்பது என் கட்சி: தடுப்பாட்டம் கையில் இல்லை, காலில் இருக்கிறது. எதிராளிக்கும் கூடைக்கும் நடுவே நில். ஆர்2 அழுத்தி விரட்டாதே. எல்2 அழுத்திக் குனிந்து பக்கவாட்டில் நகர். அவன் எழும்பிய பிறகு நீ எழும்பு. பதறாத காரியம் சிதறாது.

பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல் 13 ஆண்டுகளில் 11 முறை பட்டம் வென்றார். அவர் பேர் வாங்கியது தடுப்பாட்டத்தில்தான். தடுத்த பந்தைக்கூட வெளியே அடிக்காமல், தன் அணிக்காரர் பக்கம் தட்டிவிடப் பார்ப்பார்.

ஆனால் போட்ட புள்ளியைத்தான் பலகை காட்டுகிறது. போடவிடாத புள்ளியை யார் எண்ணுகிறார்கள்? என் மனைவி வாங்கவிடாமல் தடுத்த கடன்களை நானும் எந்தக் கணக்கிலும் எழுதியதில்லை.

மறுநாள் பேரன் 4 புள்ளியில்தான் தோற்றான். கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தான்.