பத்து எண், இருபத்தெட்டு எழுத்து!



"பெரியவன் ஆனதும் அரபி மொழி கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று உங்களில் யாராவது சொன்னதுண்டா? அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் இருப்பவர்கள் சொல்லியிருக்கக்கூடும். வானம் பார்த்த பூமி அது. மழை பொய்த்துவிட்டால் அப்பாவோ, மாமாவோ, அண்ணனோ வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் புறப்படுவதும் உண்டு. அவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா?

இது சின்ன விஷயம் இல்லை. சவுதி அரேபியாவின் தொழிலாளர் சட்டப்படி, வேலை ஒப்பந்தம் அரபியில் இருக்க வேண்டும். கூடவே வேறு மொழியிலும் எழுதியிருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால், அரபியில் உள்ளதுதான் செல்லும்.

எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வழங்கும் எண்களின் வடிவம் வேறு. பூஜ்யத்துக்கு வெறும் புள்ளிதான். ஐந்து என்ற எண்ணோ, நம்முடைய பூஜ்யம் போல வட்டமாக இருக்கும். தெரியாதவர் ஐந்தைப் பூஜ்யம் என்று நினைத்துக்கொள்வார். சம்பளத் தொகையில் இப்படி ஒரு தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! இந்த எண்களுக்கு அரபியர் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'இந்திய எண்கள்'! நம் நாட்டிலிருந்து போனவை என்பதால் அந்தப் பெயர்.

ஆக, கற்க வேண்டும் என்ற ஆசை நல்லது. ஆனால் ஆசை வேறு, இலக்கு வேறு. "அரபி கற்பேன்" என்பது ஆசை. "இந்த ஞாயிறுக்குள் பத்து எண்களையும் பார்க்காமல் எழுதுவேன்" என்பது இலக்கு. முடித்தோமா, இல்லையா என்று எண்ணிப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். அதுதான் இலக்குக்கு அடையாளம்.

அந்நிய மொழியாயிற்றே என்று பயப்பட வேண்டாம். உங்களுக்கு இப்போதே பல அரபிச் சொற்கள் தெரியும்! அருப்புக்கோட்டை தாலுகா ஆபீசுக்கு ஒருமுறை போய் வந்தாலே போதும். தாலுகா, ஜில்லா, வசூல், பாக்கி, அசல், நகல், வாரிசு, ரத்து, வக்கீல், ஜாமீன், ஆஜர், பசலி... இவை எல்லாமே அரபியில் பிறந்தவைதான். பாரசீகம், உருது வழியாக, நவாபுகள் காலத்து அலுவலகங்களில் புகுந்து, நம் பேச்சிலும் கலந்துவிட்டன.

இன்னொரு வேடிக்கை. அரபியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய் எழுத்துகள் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. 'க-த-ப' என்ற வேருக்கு எழுதுதல் என்று பொருள். அதிலிருந்து கிதாப் என்றால் புத்தகம். காதிப் என்றால் எழுதுபவர். மக்தப் என்றால் அலுவலகம். மக்தபா என்றால் நூலகம். ஒரு வேரைத் தெரிந்துகொண்டால் நாலு சொல் கூடவே வரும். நம் மகசூலும், தாசில்தாரில் உள்ள தாசிலும் கூட இப்படி ஒரே வேரில் பிறந்த உறவுக்காரர்கள்தான். விளைந்து கைக்கு வந்தது மகசூல். வசூலிப்பது தாசில்.

சரி, திட்டத்துக்கு வருவோம்.

முதல் வாரம், பத்து எண்கள். அடுத்த 28 நாட்களில் 28 எழுத்துகள். நாளைக்கு ஒன்றுதான். வலமிருந்து இடமாக எழுத வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பல எழுத்துகளுக்கு உருவம் ஒன்றுதான், புள்ளிதான் மாறும். தோணி போன்ற ஒரு கோட்டின் கீழே ஒரு புள்ளி வைத்தால் 'பா'. அதன் மேலே இரண்டு புள்ளி வைத்தால் 'தா'. மூன்று வைத்தால் 'ஸா'. புள்ளிகளை எண்ணத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி!

28 நாள் முடிந்ததும் உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். பாண்டிக்கு மட்டும் ஒரு சிக்கல் வரும். 'அம்பு' என்பதில் வருகிற மெல்லிய ஓசைதான் அரபியில் உண்டு. பாண்டியின் 'பா' ஓசைக்கு எழுத்தே இல்லை. இதற்கு நம்மவர்களே வழி கண்டிருக்கிறார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் தமிழ் முஸ்லிம்கள், அரபி எழுத்துகளோடு கூடுதல் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துத் தமிழையே எழுதினார்கள். 'அரபுத் தமிழ்' என்று அதற்குப் பெயர். அதில் நூல்களும் உண்டு.

அதன் பிறகு நாளைக்கு ஐந்து சொற்கள். வாரத்தில் ஆறு நாள். வாரத்துக்கு 30, பத்து வாரத்தில் 300. தொடக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் மொத்தம் 15 வாரங்கள். இதற்குள் ஒப்பந்தம் முழுவதையும் படித்துவிட முடியாதுதான். ஆனால் பெயர், தொகை, மாதம், ஆண்டு ஆகியவற்றை அடையாளம் காண முடியும். எந்த இடத்தை விவரம் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்பதும் புரியும்.

தினமும் எவ்வளவு நேரம்? அரை மணி போதும். முதல் பத்து நிமிடம் நேற்றுப் படித்தது. அடுத்த பத்து நிமிடம் புதியது. கடைசிப் பத்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லி, நோட்டில் எழுதுவது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம். பரீட்சை சமயத்தில் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். ஒருநாள் தவறிப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் படித்துச் சோர்ந்துபோக வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். உச்சரிப்பை மட்டும் தெரிந்த ஒருவரிடம் கேட்டே பழக வேண்டும்.

ஏழாவது நாளில், அந்த வாரம் படித்ததை வேறு ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். இதற்குத் திருச்சுழியிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1879 டிசம்பர் 30 அன்று அங்கே பிறந்த வேங்கடராமன்தான், பின்னாளில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி என்று அறியப்பட்டார். அவருடன் இருந்த கேரளத்து அன்பர் பழனிசாமி, தமிழ் நூல்களைப் படிக்கச் சிரமப்பட்டார். ரமணரே அவற்றைப் படித்துப் பொருள் சொன்னார். பழனிசாமி வைத்திருந்த மலையாள நூலைக் கொண்டு, தாமும் அந்த எழுத்துகளைக் கற்றார். சமஸ்கிருதம், தெலுங்கு ஆகியவற்றையும் பள்ளிக்குப் போகாமலே அறிந்தார். 1927-ல் தமிழில் தாம் இயற்றிய 'உபதேச உந்தியார்' நூலை, பிறகு தாமே அந்த மூன்று மொழிகளிலும் ஆக்கினார். ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நாமும் கற்கிறோம், பார்த்தீர்களா?

டிசம்பர் 18, உலக அரபு மொழி நாள். 1973-ல் அந்தத் தேதியில்தான் அரபி ஐ.நா. சபையின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக ஏற்கப்பட்டது. அரபி கற்க விரும்புபவர்கள் அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கலாம். வேறு மொழி கற்பவர்கள் தங்களுக்கேற்ற நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வழி எல்லா மொழிக்கும் ஒன்றுதான்.

வறண்ட சீமையில் மழை பெய்தால் மட்டும் போதாது. கண்மாய்க் கரை உறுதியாக இருக்க வேண்டும் என்பது உங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும். ஆசை மழை மாதிரி. தினசரி அரை மணி நேரம்தான் கரை. இன்று மாலை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். முதல் எண்ணை எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்